எல்லாத்துக்கும் 'கஸ்ரிக்' எண்டால்

எங்கட வீடுகளில் ஒரு சொல் இருக்கிறது. நெஞ்சு எரிந்தாலும் அதுதான். வயிறு ஊதினாலும் அதுதான். விடியப்புறம் சத்தி எடுத்தாலும், நாலு நாள் சாப்பாடு செல்லாமல் கிடந்தாலும் அதுதான். 'கஸ்ரிக்'. அம்மம்மாவுக்குக் கஸ்ரிக், மாமாவுக்குக் கஸ்ரிக், ஏ.எல். சோதினைக்குப் படிக்கிற தங்கச்சிக்கும் கஸ்ரிக். ஆரும் அதற்கு மேல ஒரு கேள்வி கேட்கிறதில்லை. "நேரத்துக்குச் சாப்பிடாட்டி உப்பிடித்தான்" எண்டு ஒரு பேச்சு, ஒரு ஜிஞ்சர் பியர் அல்லது ஈனோ, அல்லது பாமசியில் துண்டு இல்லாமலே வாங்கின ஒமிப்ரசோல் காட். கதை முடிஞ்சுது.

இந்தச் சொல்லோடுதான் எங்களுக்குக் கோபம். நாட்டு வைத்தியத்தோடு இல்லை, பாமசிக்காரரோடும் இல்லை. இதை எழுதுவம் எண்டு நாங்கள் முடிவெடுத்தது எங்களில் ஒருத்தியின் அப்பாவுக்கு நடந்ததைக் கேட்ட பிறகுதான். அவளின் அனுமதியோடு எழுதுகிறோம்.

அப்பாவுக்கு 58 வயது. தோட்டக்காரர். முழங்கால் நோவுக்கு ஆரோ ஒருவர் எப்பவோ எழுதிக் குடுத்த டைக்குளோபினக்கை மாதக்கணக்காக விட்டு விட்டுப் போட்டுக்கொண்டு வந்தவர். ஒரு கட்டத்தில் களைப்பு. கிணத்தடியில் இருந்து வீட்டு வாசலுக்கு வரும்போதே மூச்சு வாங்கியது. வயிறு புளிக்குது, எரியுது எண்டார். 'கஸ்ரிக்' எண்டு வீடு முழுக்க முடிவாகிவிட்டது. அம்மா அதிமதுரமும் நற்சீரகமும் அவித்துக் குடுத்தா. எரிவு கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருந்தது. மூன்று கிழமை இப்படிப் போனது. ஒருநாள் காலமை கக்கூசுக்குப் போனவர் அங்கேயே மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது ஹீமோகுளோபின் 6. ஆம்பிளையொருவருக்கு 13க்கு மேல் இருக்கவேண்டியது. வாட்டில் டொக்டர் கேட்ட முதற் கேள்வி: "ஐயா, வெளிக்குப் போறது என்ன நிறம்?"

"தார் மாதிரிக் கறுப்பு. ஒரு மாசமாய்."

பக்கத்தில் நின்ற மனுசிக்கும் பிள்ளைக்கும் அப்பதான் தெரியும். ஒரு மாசமாக அந்த மனுசன் அதைப் பார்த்துக்கொண்டு, ஒருத்தருக்கும் சொல்லாமல் தண்ணி ஊத்திவிட்டு வந்திருக்கிறார். "உதையெல்லாம் எப்படிப் பிள்ளையளிட்டச் சொல்லுறது?" எண்டுதான் பிறகும் கேட்டாராம்.

கறுப்பு நிறம் ஏன் இவ்வளவு முக்கியம் எண்டதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேணும், ஏனென்றால் இதைப் பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு ஆரும் சொல்லித் தரவில்லை. இரைப்பையிலோ சிறுகுடலின் தொடக்கத்திலோ புண் வந்து இரத்தம் கசிந்தால், அது சிவப்பாக வெளியே வராது. வயிற்று அமிலத்திலும் குடலிலும் மாறி, நீண்ட தூரம் பயணித்து, கீழே வரும்போது தார்போலக் கறுத்து, ஒட்டும் தன்மையோடு, வழமைக்கு மாறான ஒரு கெட்ட நாற்றத்தோடு வரும். அதே இரத்தம் மேலே சத்தியாக வந்தால் சிவப்பாக வரலாம், அல்லது கோப்பித்தூளைத் தண்ணியில் கரைத்த மாதிரி மண்ணிறத் துகள்களாக வரலாம். இந்த இரண்டில் எது வந்தாலும் அது அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய விசயம். நாளைக்கு ஓ.பி.டி. திறக்கட்டும் எண்டு பார்க்கிறதில்லை. ஒரு குழப்பம் இருக்கிறது: கிளினிக்கில் குடுக்கிற இரும்புச்சத்துக் குளிசை போட்டாலும் மலம் கறுக்கும், பீற்றூட் சாப்பிட்டால் சிவக்கும். ஆனால் இரும்புக் குளிசையின் கறுப்புக்குத் தாரின் பிசுபிசுப்பும் அந்த நாற்றமும் இராது, களைப்பும் தலைச்சுற்றும் சேர்ந்து வராது. சந்தேகம் என்றால் கேட்கிறதில் ஒரு நட்டமும் இல்லை.

அப்பாவுக்கு எண்டோஸ்கொப்பி செய்தார்கள். இரைப்பையில் புண். காரணம் பெரும்பாலும் அந்த நோவுக் குளிசைதான். டைக்குளோபினக், ஐபுபுரோபன், அஸ்பிரின் எல்லாம் வயிற்றின் உட்சுவரைக் காக்கிற படலத்தைப் பலவீனப்படுத்தும். வெறுவயிற்றில் போடாதே என்று சொல்லுவார்கள், ஆனால் சாப்பிட்டுவிட்டுப் போட்டாலும் நாட்பட்டால் ஆபத்து ஆபத்துத்தான். இன்னொரு காரணி ஹெலிகோபக்டர் பைலோரி என்ற கிருமி. அமிலத்தில் ஒரு கிருமியும் வாழாது என்று உலகமே நம்பிக்கொண்டிருந்த காலத்தில், அவுஸ்திரேலியாவில் பரி மார்சல், ரொபின் வொறன் என்ற இரண்டு டொக்டர்மார் அதை மறுத்தார்கள். ஒருவரும் நம்பாததால் 1984இல் மார்சல் அந்தக் கிருமி வளர்ந்த திரவத்தைத் தானே குடித்து வருத்தத்தை வரவழைத்துக்கொண்டார். 2005இல் இரண்டு பேருக்கும் நோபல் பரிசு. எங்கட வீட்டில் இப்பவும் 'நேரத்துக்குச் சாப்பிடாததால வந்த புண்' எண்டுதான் கதை. அந்தக் கிருமி இருந்தால் சரியான அன்ரிபயோட்டிக் சேர்ந்த மருந்தை ஒன்றிரண்டு கிழமை எடுத்தால் பெரும்பாலானவர்களுக்குப் போய்விடும். வருசக்கணக்காக நற்சீரகத் தண்ணி குடித்தால் போகாது. வருசக்கணக்காக ஒமிப்ரசோல் மட்டும் போட்டாலும் போகாது. இந்த இரண்டாவதை அழுத்திச் சொல்லவேணும்: எரிவை அடக்குகிற குளிசை, உள்ளே வளர்கிற பெரிய வருத்தத்தின் அறிகுறியையும் சேர்த்து அடக்கிவிடும். 'இங்கிலீசு மருந்து போடுறன்தானே' என்பது டொக்டரிடம் போனதற்குச் சமம் இல்லை.

'கஸ்ரிக்' என்ற சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறவை இன்னும் நிறைய.

முதலாவதும் மோசமானதும் மாரடைப்பு. ஊரில் எத்தினை செத்தவீட்டில் இந்த வசனத்தைக் கேட்டிருக்கிறோம்: "கஸ்ரிக் எண்டு சோடா வாங்கிக் குடிச்சுப்போட்டுப் படுத்தவர்…" இதயத்துக்கு இரத்தம் போகாமல் தடைப்படுகிற நோ எப்பவும் சினிமாவில் வருகிறமாதிரி இடது மார்பைப் பிடித்துக்கொண்டு வராது. நெஞ்சுக்குழியில் ஒரு பாரமாக, மேல் வயிற்றில் ஒரு இறுக்கமாக, ஏவறை வரப்போகிற மாதிரி வரலாம். கூடவே குளிர்ந்த வியர்வை, மூச்சு வாங்குதல், தாடைக்கோ தோளுக்கோ கைக்கோ பரவுகிற நோ இருந்தால் வேற யோசனை வேண்டாம், 1990க்கு அடிக்க வேணும். சுவசெரிய அம்புலன்சுக்குக் காசில்லை. நீரிழிவுக்காரருக்கும் பெண்களுக்கும் இந்த நோ இன்னும் மங்கலாக வரக்கூடும். வாழ்நாளில் கஸ்ரிக்கே இல்லாத 55 வயது நீரிழிவுக்காரருக்குத் திடீரென்று இரவு பத்து மணிக்குக் கஸ்ரிக் வந்தால் அது கஸ்ரிக் இல்லையென்று நினைத்துக்கொண்டு ஓடுவதுதான் புத்தி.

அடுத்தது குடல்வால். எங்கட வயதுக்காரருக்குத்தான் கூட வரும். பெரும்பாலும் தொப்புளைச் சுற்றி மந்தமாகத் தொடங்கும், சாப்பாடு வேண்டாமல் போகும், சத்தி வரும், சில மணித்தியாலங்களில் நோ வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்கும். நடந்தால், இருமினால், ஓட்டோ பள்ளத்தில் விழுந்து எழும்பினால் குத்தும். இந்த இடத்தில் எங்கட ஊர்ப் பழக்கம் ஒன்று ஆளைக் கொல்லக்கூடியது: 'வயித்தைக் கழுவி விடுறது'. பள்ளிக்கூட விடுமுறையில் வரிசையில் இருத்தி ஆமணக்கெண்ணெயோ நிலாவாரையோ பருக்கின அனுபவம் எங்களில் பாதிப்பேருக்கு இருக்கிறது. அது சும்மா இருக்கிற வயிற்றுக்கு. கடும் வயிற்றுநோ வந்திருக்கிற நேரத்தில் பேதிக்குக் குடுத்தால் வீங்கியிருக்கிற குடல்வால் வெடிக்க வாய்ப்பு இருக்கிறது. இன்னொன்று: வெடித்தவுடன் நோ கொஞ்ச நேரத்துக்குக் குறையலாம். "மருந்து கேட்டிட்டுது" எண்டு வீட்டார் நிம்மதியாகப் படுப்பார்கள். பிறகு காய்ச்சல், பலகை மாதிரி இறுகின வயிறு.

பெட்டைகளுக்கு அடிவயிற்றில் நோ என்றால் வீட்டில் 'கஸ்ரிக்'குப் பதிலாக இன்னொரு போர்வை இருக்கிறது, 'அந்த நாள் நோ'. மாதவிடாய் தள்ளிப்போயிருக்கிற நிலையில் ஒரு பக்கத்தில் கடும் நோ, தலைச்சுற்று, கொஞ்சம் இரத்தப்போக்கு வந்தால் கர்ப்பப்பைக்கு வெளியே தங்கின கர்ப்பமாக இருக்கலாம், உள்ளுக்குள் இரத்தம் போய் மணிக்கணக்கில் உயிர் போகும். கல்யாணமாகாத பிள்ளை இதை அம்மாவிடம் சொல்லுவாளா? டொக்டரிடம் தனியாகச் சொல்ல விடுவார்களா? பெடியன்களுக்கும் ஒன்று: அடிவயிற்று நோ என்று சொல்லிக்கொண்டு உண்மையில் விதைப்பையில் தாங்கமுடியாத நோவோடு வெட்கத்தில் படுத்திருக்கிறவர்கள் உண்டு. விதை முறுகியிருந்தால் அதைக் காப்பாற்ற ஏறக்குறைய ஆறு மணித்தியாலம்தான் இருக்கிறது. வெட்கப்பட அது நல்ல நேரம் இல்லை.

மாரி தொடங்கினால் டெங்கு. காய்ச்சல் விட்டுவிட்டது, இனிப் பயமில்லை என்று நினைக்கிற அந்த நாளில்தான் வயிற்றுநோவும் நிற்காத சத்தியும் வரும். காய்ச்சலில் மருந்து மாத்திரை போட்டதால் வந்த கஸ்ரிக் என்று அதையும் தள்ளிவிடுகிறோம். அது இரத்தக் குழாயில் இருந்து நீர் கசிவதின் எச்சரிக்கை. பப்பாசி இலைச்சாறு குடித்தவர் எண்டாலும் சரி, குடிக்காதவர் எண்டாலும் சரி, வாட்டில் இருக்கவேண்டிய ஆள். டெங்குக் காலத்தில் காய்ச்சலுக்கு பரசிற்றமோல் மட்டும், முன்னர் சொன்ன நோவுக் குளிசைகள் வேண்டாம்.

மெதுவாக வருகிறவையும் உண்டு. தேடாமலே மெலிந்து போகிறது. சோறு நெஞ்சில் நிற்கிற மாதிரி, பிறகு கஞ்சியும் நிற்கிற மாதிரி வருகிறது. வெத்திலை, புகையிலை போடுகிற பெரியவர்களில் இதைக் கட்டாயம் பார்க்கவேணும். கிழமைக்கணக்காக மலம் கழிக்கிற பழக்கமே மாறுகிறது. நித்திரையில் இருந்து எழுப்புகிற வயித்தோட்டம். மலத்தில் இரத்தம் கண்டால் 'மூலம்' என்று தாங்களே பெயர் வைத்து, பேஸ்புக் விளம்பரத்தில் வருகிற எண்ணெய் வாங்கிப் பூசுகிறோம். பெரும்பாலும் மூலமாகவே இருக்கலாம். ஆனால் பெருங்குடல் புற்றுநோய் பல நாடுகளில் இப்ப 50 வயதுக்குக் கீழும் கூடிக்கொண்டு வருகிறது. ஒருக்கா ஒரு டொக்டர் பார்த்து 'மூலம்தான்' என்று சொன்னபிறகு எண்ணெய் பூசலாம்.

இனி நாங்கள் உண்மையாகச் சொல்ல வந்ததுக்கு வருகிறோம். இதையெல்லாம் சொன்னவுடன் "ஓ, நீங்களும் நாட்டு மருந்துக்கு எதிர்" எண்டு பெரியவர்கள் சொல்லுவினம். இல்லை. எங்களுக்கு விளங்காத விசயம் வேறு. சித்த வைத்தியத்தில் நோயாளியைப் பார்க்க எண்வகைத் தேர்வு என்று ஒரு முறை இருக்கிறது: நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். எட்டில் இரண்டு நாங்கள் வெட்கப்பட்டு மறைக்கிற இரண்டும்தான்! அந்தக் காலத்துப் பரியாரியார் நாடி பிடித்துவிட்டு மலத்தின் நிறத்தையும் கேட்பார், மூத்திரத்தில் எண்ணெய்த்துளி விட்டும் பார்ப்பார். அவரிடம் 'கஸ்ரிக்' என்று ஒரே ஒரு சொல் இருக்கவில்லை. குன்மம் என்பதையே எட்டு வகையாகப் பிரித்தார்கள். கழிச்சல் வேறு, சீதபேதி வேறு, கிராணி வேறு. அவற்றில் எத்தனை இன்றைய மருத்துவத்தோடு பொருந்தும், எத்தனை பொருந்தாது என்பது வேறு விவாதம். ஆனால் கேட்டார்கள், பார்த்தார்கள், பிரித்தார்கள். குறளின் 'மருந்து' அதிகாரத்திலும் நோயையும் அதன் காரணத்தையும் அறிகிறது முதல், பிறகுதான் தணிக்கிற வழி. பாரம்பரியம் என்று நாங்கள் காப்பாற்றிக்கொண்டிருப்பது அந்தக் கடைசிப் பகுதியை மட்டும்தான்: சரக்குத் தண்ணியை.

சொல்லுக்கும் பஞ்சமில்லை. 1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மிசன் டொக்டர் மானிப்பாயில் இருந்துகொண்டு மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தவர், உடற்கூறு, பிரசவம் பற்றின புத்தகங்களைத் தமிழாக்கினவர். 150 வருசத்துக்கு முன்னமே குடலுக்கும் இரைப்பைக்கும் ஈரலுக்கும் தமிழ்ச் சொல்லோடு பாடம் நடந்த ஊரில், இன்றைக்குக் கம்பஸ் படிக்கிற நாங்கள் "வயித்துக்குள்ள என்னவோ செய்யுது டொக்டர்" எண்டு நிற்கிறோம்.

சரி, அப்ப நாட்டு வைத்தியத்துக்கு எங்கே இடம்? ஆபத்து இல்லை என்று பார்த்தபிறகும், டொக்டரின் மருந்தோடு பக்கத்திலும் நிறைய இடம் இருக்கிறது. இஞ்சி குமட்டலுக்கு உதவும் என்பதை இன்றைய ஆய்வுகளும் ஏற்கின்றன. இசப்கோல் மலச்சிக்கலுக்கு ஆங்கில வைத்தியரே எழுதிக் குடுக்கிறது, போதிய தண்ணியோடு குடிக்கவேணும், அவ்வளவுதான். கலியாணவீட்டுச் சாப்பாட்டுக்குப் பிறகு வருகிற பொருமலுக்கு ஓமத் தண்ணியோ வேர்க்கொம்பு தட்டிப்போட்ட பிளேன்ரீயோ போதும், அதுக்கு ஆஸ்பத்திரி தேவையில்லை. வருத்தத்தில் இருந்து எழும்புகிற ஆளுக்குப் புழுங்கலரிசிக் கஞ்சியும் மோரும் எந்தக் காலத்திலும் நல்ல சாப்பாடு. வயித்தோட்டத்துக்குக் கஞ்சித்தண்ணியில் உப்புப் போட்டுக் குடுத்த அம்மம்மாமார் சரியான பாதையில்தான் நின்றார்கள். இன்றைக்கு அதைவிடச் சரியானது ஜீவனி பக்கற், அது இல்லாவிட்டால் ஒரு லீற்றர் கொதித்தாறின தண்ணியில் ஆறு மட்டத் தேக்கரண்டி சீனி, அரை மட்டத் தேக்கரண்டி உப்பு. உப்பைக் கூட்டிப் போடக்கூடாது. செவ்விளநீர் நல்லது, ஆனால் அதில் சோடியம் குறைவு, அதை மட்டும் நம்பேலாது. குழந்தை அழும்போது கண்ணீர் வராவிட்டால், கண் உள்ளே போனால், ஆறு எட்டு மணித்தியாலம் மூத்திரம் போகாவிட்டால், சோர்ந்து எழுப்ப முடியாமல் கிடந்தால் வீட்டுக் கைவைத்தியம் அந்த இடத்தில் நிற்கவேணும். குடாநாட்டில் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் மலக்குழித் தண்ணி கிணத்துக்கு வருகிற ஊரில் தண்ணியைக் கொதிக்கவைத்துக் குடிப்பதைவிடப் பெரிய வயித்து மருந்து இல்லை.

அதே நேரத்தில் 'இயற்கைதானே, ஒண்டும் செய்யாது' என்ற வசனத்தை நாங்கள் நம்பவில்லை. அந்த அப்பாவுக்கு அவித்துக் குடுத்த அதிமதுரத்தையே எடுங்கோ. நாட்கணக்காகக் கூடக் குடித்தால் பிரசர் ஏறும், இரத்தத்தில் பொட்டாசியம் குறையும். பிரசர்க் குளிசை போடுகிற ஒருவருக்கு அது சின்ன விசயம் இல்லை. செங்கமாரிக்குக் கீழ்காய்நெல்லி அரைத்துக் குடிக்கிறோம். கிருமியால் வருகிற செங்கமாரி பலருக்குத் தானாகவே மாறும், பெயர் கீழ்காய்நெல்லிக்குப் போகும். ஆனால் மூத்திரம் கடும் மஞ்சளாகி, மலம் வெளிறி, உடம்பெல்லாம் கடித்தால் பித்தக்குழாயில் கல்லோ கட்டியோ அடைத்திருக்கலாம். எந்த இலைச்சாறும் அந்த அடைப்பை எடுக்காது. பெயரில்லாத டப்பாவில் வருகிற 'வாயுச் சூரணங்கள்' இன்னொரு தலையிடி. மூலிகைத்தூள் என்று விற்றவற்றுக்குள் ஸ்ரிரொயிட்டும் நோவுக் குளிசையும் கலந்திருந்ததை உலகத்தின் பல இடங்களில் பரிசோதனையில் கண்டுபிடித்திருக்கிறார்கள். பற்பம், செந்தூரம் போன்றவை உலோகம் சேர்ந்தவை, அவை ஆரும் வாட்ஸ்அப்பில் சொல்லி வாங்கிச் சாப்பிடுகிற சாமான் இல்லை.

எங்கட நாட்டில் இதுக்குச் சட்டம் இருக்கிறது. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் ஆயுர்வேதத்தோடு சித்தத்தையும் யூனானியையும் தேசிய வைத்தியத்தையும் சேர்த்துத்தான் பேசுகிறது. ஆயுர்வேத மருத்துவ சபையில் பதிந்த வைத்தியர்கள் இருக்கிறார்கள். கைதடியிலும் திருகோணமலையிலும் பல்கலைக்கழகத்தில் சித்த மருத்துவம் படித்து வருகிற எங்கட வயதுப் பிள்ளைகள் உடற்கூறும் நோயியலும் படித்துத்தான் வருகிறார்கள். அவர்களில் ஒருவரிடம் நாங்கள் இந்தக் கட்டுரைக்காகக் கதைத்தோம். "கறுப்பா வெளிக்குப் போறவரை நான் வச்சிருக்க மாட்டன், அந்த நேரமே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புவன். அனுப்பத் தெரியாத ஆள் பரியாரி இல்லை" எண்டா. முறையான வைத்தியரை அடையாளம் காண இதைவிட நல்ல பரிசோதனை எங்களுக்குத் தெரியவில்லை.

ஆனால் சனத்தை மட்டும் குறை சொல்லிவிட்டு நாங்கள் தப்ப ஏலாது. ஏன் பிந்துகிறார்கள்? ஓ.பி.டி.யில் நம்பர் எடுக்க விடியக் கிளம்பவேணும். நாட்கூலிக்குப் போகிற ஒருவருக்கு ஒருநாள் ஆஸ்பத்திரி என்றால் ஒருநாள் அடுப்பு. மலையகத்தில் தோட்டத்தில் இருந்து ரவுணுக்கு இறங்குகிற பஸ்சே ஒரு கதை. எண்டோஸ்கொப்பிக்குத் தவணை குடுத்தால் அது எப்ப வருமோ. தனியாரில் செய்யக் காசு வேணும். 2022இல் ஆஸ்பத்திரியில் மருந்தே இல்லாமல் துண்டை எழுதிக் கையில் தந்த நாட்களை ஆரும் மறக்கவில்லை. தமிழ் தெரியாத டொக்டரிடம் கையைக் காட்டிக் காட்டி வயிற்றுநோவைச் சொன்ன அனுபவம் எங்களிலேயே இரண்டு பேருக்கு இருக்கிறது. பரியாரியார் பக்கத்து ஒழுங்கையில் இருக்கிறார், எங்கட பாசையில் கதைக்கிறார், தொட்டுப் பார்க்கிறார், அவசரப்படுத்தமாட்டார். சனம் அங்கே போவது மூடநம்பிக்கையால் மட்டும் இல்லை.

இன்னொரு விசயம், வாட்டில் நாங்கள் நேரில் கண்டது. "நாட்டு மருந்து ஏதும் குடிச்சனியளோ?" என்று ஒரு டொக்டர் கேட்ட தொனியில், அம்மம்மா ஒருவர் "இல்லை ராசா" எண்டு பொய் சொன்னா. குடிச்சவ. அந்தப் பொய்யால் அவவின் பிரசர் ஏன் ஏறுது என்று கண்டுபிடிக்க மேலும் இரண்டு நாள் எடுத்தது. ஏசுகிற டொக்டருக்கு உண்மை கிடைக்காது. எங்களுக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது: என்ன குடித்தோம், எவ்வளவு, எத்தனை நாள் என்பதை, பக்கற்றையும் கொண்டுபோய், வெட்கமில்லாமல் சொல்லவேணும். பரியாரியாரிடமும் எந்த இங்கிலீசுக் குளிசை போடுகிறோம் எண்டு அதே மாதிரி.

பெரியவர்களோடு ஆஸ்பத்திரிக்குக் கூடப் போகிறவர்கள் இப்ப எங்கட வயதுக்காரர்தான். மோட்டச்சைக்கிள் ஓடுகிறதும் நாங்கள், துண்டு நிரப்புகிறதும் நாங்கள், சிங்களத்தில் ரெண்டு வசனம் சொல்லுகிறதும் நாங்கள். போறதுக்கு முதல் வீட்டில் வைத்து ஒரு ஐந்து நிமிசம் கேளுங்கோ. எப்ப தொடங்கினது? எங்கே நோகுது, ஓரிடத்தில் இருந்து இன்னோரிடத்துக்குப் போனதா? சத்தி என்ன நிறம், வெளிக்குப் போனது என்ன நிறம்? காற்றாவது பிரியுதா? (வயிறு ஊதி, சத்தியும் எடுத்து, காற்றும் மலமும் இரண்டுமே போகாமல் நின்றால் குடல் அடைபட்டிருக்கலாம், அதுவும் உடனே ஓடவேண்டியது.) உடுப்பு லூசாகினதா? என்ன என்ன குளிசை, என்ன என்ன சரக்கு? போனில் எழுதிக்கொண்டு போங்கோ. டொக்டருக்கு ஒரு ஆளுக்கு இருக்கிறது சில நிமிசம்தான், அதில் 'கஸ்ரிக்' என்ற சொல்லைத் தூக்கிக் குடுத்துவிட்டு வராதீங்கோ.

அந்த அப்பாவுக்கு மூன்று பைந்து இரத்தம் ஏற்றினார்கள். டைக்குளோபினக் நிப்பாட்டியாச்சு. ஆறு கிழமை குளிசை முடித்து, திரும்ப எண்டோஸ்கொப்பியில் புண் ஆறியிருந்தது. முழங்காலுக்கு இப்ப கிளினிக்கில் காட்டிவிட்டு, அவர்களுக்கும் சொல்லி, சித்த வைத்தியசாலையில் எண்ணெய் போடுகிறார். அது அவருக்குச் சுகமாக இருக்கிறதாம். போன மாசம் அவள் வீட்டுக்குப் போனபோது முத்தத்தில் கதிரை போட்டு இருந்தார். என்ன ஐயா, சுகமோ எண்டு கேட்டோம். "ஓம், எல்லாம் நல்ல மஞ்சள் நிறம்" எண்டார், தேத்தண்ணிக் கோப்பையோடு வந்த மகளுக்கும் கேட்கிற மாதிரி. அவள் தலையில் கையை வைத்தாள். நாங்கள் தேத்தண்ணியைக் குடித்தோம்.